ஆங்கிலத் தொடரமைப்பும் ஆய்வுரைத் திறனும்: மட்டாஞ்சேரிக் கல்லூரிக் கல்வியை முன்வைத்து ஒரு திறனாய்வு

0. முன்னுரை

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் இருவேறு பாடங்களாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. சொல்வகை, தொடர்வகை, காலம், எழுவாய்-பயனிலை இயைபு ஆகியவற்றை விளக்கும் இலக்கணப் பாடம் ஒன்று. கட்டுரை வரைதல், ஆய்வேடு எழுதுதல், அவையில் எடுத்துரைத்தல் ஆகியவற்றிற்குரிய திறன் பாடம் மற்றொன்று. முன்னது பிழையின்மையையும் பின்னது பயன்பாட்டையும் நோக்கமாகக் கொள்கின்றன. இப்பிரிவினை இயல்பானதாகவே கொள்ளப்படுவதால், பாடத்திட்டம் மாறுந்தோறும் இவற்றுள் ஒன்று ஏறுவதும் மற்றொன்று இறங்குவதுமாக இருந்து வருகிறது.

இப்பிரிவினை மொழியியல் நோக்கில் பொருந்துவதுதானா என்பதை, கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுரைத் திறன் என்பது தொடரமைப்பின் மேல் பின்னர்ப் பூசப்படும் மெருகன்று. தொடரமைப்பையே ஒரு நோக்கத்திற்கெனத் தேர்ந்து கையாளுதலாகும். அத்தேர்விற்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி மாணவரின் தாய்மொழியிலேயே உள்ளது. இவ்வுண்மை பாடத்திட்டங்களில் இடம்பெறாமையால் மாணவரின் மொழிச் சிக்கல் சிந்தனைக் குறையாகவும், சில வேளைகளில் நேர்மைக் குறையாகவும் கணிக்கப்படுகிறது. இவையே இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்துகளாகும்.

1. களமும் மாணவரும்

மட்டாஞ்சேரி பன்மொழிச் சூழலுக்குப் பெயர் பெற்ற பகுதியாகும். சில கல் தொலைவிற்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் வாழ்கின்றன. கொங்கணியரின் திருமலைக் கோயிலும், 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடமும், மிளகு முன்பேர வணிகத்திற்கென 1957-இல் செயற்படத் தொடங்கிய சங்கத்தின் கட்டடமும் இப்பன்மையின் சான்றுகளாக விளங்குகின்றன. தமிழ் பேசுவோருள் வணிகரும் அந்தணரும் உளர். அடுத்துள்ள கோட்டைக் கொச்சியின் வேளி பகுதியில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் இங்குக் குடியேற்றப்பட்டனர் என்பது இக்குடும்பத்தார் மரபுவழிக் கூறிவரும் செய்தியாகும். தமிழ் அச்சு வரலாற்றிலும் கொச்சிக்கு இடமுண்டு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியதை அடுத்து, 1579-இல் 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சிடப்பெற்றது.

இப்பகுதி மாணவர்க்கு அண்மையிலுள்ள உயர்கல்வி நிறுவனம், 1967-இல் தொடங்கப்பெற்ற கொச்சின் கல்லூரியாகும். இது கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1983-இல் நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இங்குப் பயிலும் தமிழ் மாணவர் ஒருவரின் மொழிநிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி, பள்ளியில் பெரும்பாலும் மலையாளத்தில் எழுதிப் பழகிய அம்மாணவர், கல்லூரியில் வணிகவியலையோ விலங்கியலையோ ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்தில் தேர்வெழுதுகிறார். மூன்று மொழிகளைக் கையாளும் ஒருவர், மூன்றாவதில் எழுதும் உரையைக் கொண்டே முழுமையாக அளக்கப்படுகிறார். கொங்கணி, கச்சி மாணவர்க்கும் இதுவே நிலை.

2. பாடத்திட்டங்களின் போக்கு

2.1. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் ஆங்கிலக் கல்வி பல முறைகளைக் கண்டுள்ளது. ரென், மார்ட்டின் ஆகியோர் இந்தியப் பள்ளிகளுக்கென எழுதிய இலக்கண நூல், விதி கூறி எடுத்துக்காட்டுத் தந்து பயிற்சி தரும் பழைய முறையின் அடையாளமாகும். 1950-களில் சென்னை மாநிலம் தொடரமைப்பு முறையை ஏற்றது. தொடர் வாய்பாடுகளை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பழக்குவது இம்முறையாகும். 1958-இல் ஐதராபாத்தில் நடுவண் ஆங்கில நிறுவனம் தோன்றியதும் ஆசிரியர் பயிற்சி விரிவடைந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்த் திட்டம் இப்போக்கிலிருந்து விலகியது. மாணவரின் கவனம் பொருளின்மீது இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளத்தில் படியும் என்பது அத்திட்டத்தின் அடிப்படைக் கொள்கை. அதனால் அங்கு வாய்பாட்டிற்குப் பதிலாகச் சிக்கல் தீர்க்கும் செயல்கள் வகுப்பில் இடம்பெற்றன. இலக்கணத்தையும் பயன்பாட்டையும் ஒன்றாகக் கண்ட இம்முயற்சி பள்ளிக் கல்வியோடு நின்றுவிட்டது. பல்கலைக்கழக நிலையில் பழைய பிரிவினையே தொடர்ந்தது.

2.2. 2009-10 கல்வியாண்டில் கேரளப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளில் பருவமுறையும் மதிப்பலகு முறையும் நடைமுறைக்கு வந்தன. அப்போது மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் அமைத்த பொது ஆங்கிலப் பாடங்களுள் திறனாய்வுச் சிந்தனை, ஆய்வுரை எழுத்து, எடுத்துரைத்தல் ஆகிய மூன்றையும் இணைத்த பாடம் ஒன்று இடம்பெற்றது. எல்லாத் துறை மாணவர்க்கும் ஆய்வுரை எழுதக் கற்பிக்கவேண்டும் என்னும் எண்ணம் பாராட்டுக்குரியது. வாதத்தின் உறுப்புகளை அறிதல், போலி வாதங்களைக் கண்டுகொள்ளல், சான்று காட்டல் ஆகியன கல்லூரிக் கல்வியின் உயிர்நாடிகளாகும்.

ஆயினும் அப்பாடத்தின் அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. வாதம் தருக்க நோக்கில் விளக்கப்பட்டதேயன்றி மொழி நோக்கில் விளக்கப்படவில்லை. முடிபு இது, ஏது இது எனப் பிரித்துக் காணும் மாணவர், அவ்வேதுவை ஆங்கிலத் தொடரில் எவ்விடத்தில் வைப்பது, எத்துணை உறுதியுடன் சொல்வது, பிறர் கருத்து முடிந்து தம் கருத்துத் தொடங்கும் எல்லையை எச்சொல்லால் காட்டுவது என்பவற்றை அறியாமலே தேர்வை முடித்துவிட இயலும்.

2.3. 2017-இல் திருத்தப்பட்ட பாடத்திட்டம் எதிர்த்திசையில் சென்றது. ஆய்வுரை எழுத்தைப் பெயரிலேயே தாங்கிய பொதுப்பாடம் நீங்கியது. ஆங்கிலத்தைச் செம்மை செய்தல் என்னும் பொருள்படும் 'ஃபைன் டியூன் யுவர் இங்கிலீஷ்' முதலாய பாடங்கள் வந்தன. தொடரின் அமைப்பு, சொல்வகை, வழக்கமாக நேரும் பிழைகள் ஆகியன மீண்டும் முதன்மை பெற்றன. பள்ளியில் இலக்கணம் போதிய அளவு கற்பிக்கப்படவில்லை என்னும் ஆசிரியர்களின் பொதுவான மனக்குறைக்கு இம்மாற்றம் விடையளித்தது எனலாம். எனினும் தொடரமைப்பு இங்குப் பிழை நீக்கத்திற்கான கருவியாகவே நின்றது. 2009-இல் வாதம் தொடரின்றி நின்றதுபோல 2017-இல் தொடர் வாதமின்றி நின்றது.

2.4. 2024-25 கல்வியாண்டில் கேரளத்தில் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியது. தகுதியுடைய மாணவர் நான்காம் ஆண்டில் ஆய்வுத்திட்டம் மேற்கொண்டு ஆய்வுடன் கூடிய சிறப்புப் பட்டம் பெற இதில் வழியுண்டு. முன்பு முதுநிலையில் நேர்ந்த ஆய்வுரைத் தேவை இதனால் இளநிலைக்கே இறங்கி வந்துள்ளது. ஆதலின் இதுவரை கண்ட குறை இனிச் சிறு குறையாக இராது.

3. தொடரமைப்பே வாதமாகும் இடங்கள்

தொடரமைப்பு, வாதம் ஆகிய இரண்டும் வேறல்ல என்பதை நான்கு இடங்களைக் கொண்டு விளக்கலாம். மட்டாஞ்சேரியில் மிளகு வணிகம் பற்றி ஆய்வுத்திட்டம் எழுதும் ஒரு மாணவரின் தொடர்களாகப் பின்வரும் எடுத்துக்காட்டுகளைக் கொள்ளலாம்.

3.1. மேற்கோளின் எல்லை

'விளைச்சல் மிகுந்தது, ஏற்றுமதி தளர்ந்தது, அதனால் விலை குறைந்தது என்று வணிகர் கூறுகின்றனர்' என்பது இயல்பான தமிழ்த் தொடர். இதில் மூன்று செய்திகள் உள்ளன. இறுதியில் வரும் 'என்று' என்னும் ஒரே சொல் மூன்றையும் தழுவிக்கொள்கிறது. மலையாளத்தில் 'என்னு' என்பதும் இவ்வாறே தழுவி நிற்கும். கூற்று முழுவதும் முன்னே வர, அதற்கு உரியவர் பின்னே வருதல் இம்மொழிகளின் இயல்பாகும்.

ஆங்கிலத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. உரியவர் முதலிலும், 'தட்' என்னும் இணைப்புச்சொல் அடுத்தும், கூற்று இறுதியிலும் வருதல் பெருவழக்கு. மேலும் ஆங்கிலத் தொடர் சுருங்கியிருக்கவேண்டும் என அறிவுறுத்தப்படும் மாணவர், மூன்று செய்திகளையும் மூன்று தனித் தொடர்களாக்குகிறார். வணிகர் கூறுகின்றனர் என்பது முதல் தொடரோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய இரண்டும் மாணவரின் சொந்தக் கூற்றுகளாகத் தோற்றமளிக்கின்றன. தமிழில் 'என்று' காத்துநின்ற எல்லை ஆங்கிலத்தில் இவ்வாறு அழிந்துபோகிறது.

இதன் விளைவு சிறிதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கல்விசார் நேர்மை பற்றிய ஒழுங்குமுறைகள், பிற நூல்களோடு ஆய்வேட்டிற்குள்ள ஒப்புமையை அளவிட்டு நிலைகளாக வகுக்கின்றன. ஒப்புமை 10 விழுக்காட்டிற்கு மேற்பட்டு 40 வரை இருப்பின் ஆய்வேட்டைத் திருத்தித் தருதல் வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஓராண்டுத் தடையும், அதற்கு மேல் பதிவு நீக்கமும் உண்டு. வேண்டுமென்றே களவு செய்வாரைத் தடுக்க இவ்விதிகள் தேவையே. ஆனால் ஒப்புமையை அளக்கும் கருவி சொற்களைத்தான் எண்ணும். மேற்கோளின் எல்லையைக் காட்டத் தெரியாமையால் நேர்ந்த ஒப்புமையையும் களவால் நேர்ந்த ஒப்புமையையும் அது வேறுபடுத்தி அறியாது. வகுப்பறையில் மேற்கோள் கற்பிக்கப்படும் முறையும் இங்கு உதவுவதில்லை. நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் வினையின் காலத்தைப் பின்தள்ளும் விதிதான் வற்புறுத்தப்படுகிறது. ஓர் அறிஞர் வாதிடுகிறார், சுட்டுகிறார், ஐயுறுகிறார், நிறுவுகிறார் என்னும் வினைகளுள் எதைத் தேர்வது என்பதும், அத்தேர்வினால் எழுதுபவரின் நிலைப்பாடு எவ்வாறு வெளிப்படும் என்பதும் அங்குக் கூறப்படுவதில்லை.

3.2. துணிபும் ஐயமும்

'விலை குறைந்தது', 'குறைந்திருக்கலாம்', 'குறைந்தது போலும்', 'குறைந்ததாம்' என்னும் நான்கும் தம்முள் வேறுபட்டவை. முதலாவது துணிபு; இரண்டாவது வாய்ப்பு; மூன்றாவது உய்த்துணர்வு; நான்காவது கேட்டறிந்தது. ஈற்றில் நிற்கும் 'ஆம்' என்னும் சிறு உருபு, செய்தியைத் தான் கண்டதில்லை என்பதை உணர்த்திவிடுகிறது. மலையாளத்தில் 'அத்ரே' என்பது இப்பணியைச் செய்கிறது. தம் கூற்றிற்குத் தாம் எவ்வளவு பொறுப்பேற்கிறோம் என்பதைக் காட்டும் திறம் இம்மொழிகளைப் பேசும் சிறுவர்க்கும் கைவந்ததாகும்.

ஆய்வுரை ஆங்கிலத்தின் மிக நுட்பமான பகுதியும் இதுவே. கேட்டறிந்ததைக் காட்டும் உருபு ஆங்கில வினையில் இல்லை. 'மே', 'மைட்' போன்ற துணைவினைகளும், தோன்றுகிறது எனப் பொருள்படும் வினைகளும், சில அடைகளும் அப்பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆயின் வகுப்பறையில் துணைவினைகள் இசைவு கேட்டல், வேண்டுகோள் விடுத்தல், ஆற்றல் உணர்த்தல் என்னும் தலைப்புகளிலேயே அறிமுகமாகின்றன. உள்ளே வரலாமா என்று கேட்கப் பயன்படும் 'மே', ஒரு முடிபைத் தணித்துரைக்கவும் பயன்படும் என்பதை மாணவர் தாமாகக் கண்டறியவேண்டியுள்ளது. காணாதவர் எல்லாவற்றையும் துணிபாகவே எழுதுகிறார். மதிப்பிடுவோர் அதனைச் சான்றின்றி முடிபு கூறும் முதிர்ச்சியின்மை எனக் கருதுகின்றனர். 'குறைந்திருக்கலாம்' என்றே மனத்தில் எண்ணிய மாணவர் 'குறைந்தது' என எழுத நேர்ந்தது மொழியால் விளைந்த இழப்பு. அதனைச் சிந்தனைக் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

3.3. எச்சமும் செயப்பாட்டு வினையும்

தமிழ் உரைநடை வினையெச்சங்களை அடுக்கிச் செல்லும் இயல்புடையது. 'மிளகைச் சேகரித்து, உலர்த்தி, எடையிட்டனர்' என்னும் தொடரில் மூன்று செயல்களுக்கும் வினைமுதல் ஒன்றே. மாணவர் இதனை ஆங்கிலமாக்கும்போது, ஆய்வுரையில் செயப்பாட்டு வினையே சிறந்தது என்னும் அறிவுரை குறுக்கிடுகிறது. முடிவில், 'மிளகைச் சேகரித்து, உலர்த்தி, எடை குறிக்கப்பட்டது' என்பதற்கு நிகரான தொடர் தோன்றுகிறது. ஆங்கில இலக்கணம் இதனை எழுவாயோடு ஒட்டாது தொங்கும் எச்சம் எனக் குற்றங்கூறும்.

செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிதல் வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. அவ்விதியை அறிந்த ஒருவர்க்கு மேற்கண்ட தொடரின் வழு தமிழிலேயே புலப்பட்டுவிடும். எடை என்பது சேகரிப்பதும் இல்லை, உலர்த்துவதும் இல்லை. அயன்மொழியின் வேண்டாத கட்டுப்பாடாக மாணவர் கருதும் விதி, தாய்மொழியில் அவர் நாள்தோறும் பின்பற்றும் விதிக்கு அண்மையது.

செயப்பாட்டு வினையும் இவ்வாறே. திராவிட மொழிகளில் உண்மையான செயப்பாட்டு வினை இல்லை என்பது 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் கருத்து. 'படு' சேர்ந்த வடிவங்கள் எழுத்து வழக்கில் பெருகியது உண்மையே. எனினும் வினைமுதலைக் கூறாது விடுவதற்கும், செயப்படுபொருளைத் தொடரின் முன்னே கொணர்வதற்கும் தமிழுக்கு வேறு வழிகள் உண்டு. ஆங்கிலத்தில் அவ்விரண்டிற்கும் செயப்பாட்டு வினை பெரிதும் பயன்படுகிறது. எதனை முன்னிறுத்த இவ்வடிவம் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதே மாணவர் அறியவேண்டுவது. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கும் இயந்திரப் பயிற்சியால் அவ்வறிவு வாய்ப்பதில்லை.

3.4. சுட்டும் அறிந்த பொருளும்

ஆங்கிலத்தின் 'ஏ', 'த' என்னும் இரண்டும் தென்னிந்திய மாணவர்க்கு என்றும் இடர்தருவன. தம் மொழியில் இத்தகைய சொற்கள் இல்லாமையே காரணம் எனக் கூறுவது வழக்கம். வடிவம் இல்லை என்பது மெய்யே. கருத்து இல்லை என்பது மெய்யன்று. 'மிளகு வாங்கினான்' என்பதற்கும் 'மிளகை வாங்கினான்' என்பதற்கும் தமிழர் வேறுபாடு உணர்வர். அஃறிணைப் பொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு விரியும்போது, அப்பொருள் முன்னரே அறியப்பட்டது என்னும் குறிப்பு பெரும்பாலும் தோன்றுகிறது. படிப்பவர் எதனை அறிந்திருக்கிறார், எதனை அறியார் என்பதைக் கணித்து எழுதுவதே ஆங்கிலச் சுட்டின் பயன். ஆய்வுரையின் பயனும் அதுவே.

4. நேர்கோடு, சுருள், மதம்

ஆசிய மாணவரின் ஆங்கிலக் கட்டுரை ஏன் ஏற்புடையதாக அமைவதில்லை என்னும் வினாவிற்கு, 1966-இல் ராபர்ட் காப்லன் என்னும் அமெரிக்க அறிஞர் விடைகூற முயன்றார். ஆங்கிலப் பத்தி நேர்கோட்டில் செல்கிறது. கீழைத்தேயத்தார் பத்தி பொருளைச் சுற்றிச் சுருளாகச் செல்கிறது என்பது அவர் கருத்து. மொழி தொடரளவில் மட்டும் வேறுபடுவதில்லை, பனுவல் அளவிலும் வேறுபடுகிறது எனக் காட்டியது அவர் பணியின் சிறப்பு. ஆயின் இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறி எழுதப்பட்ட கட்டுரைகளைக் கொண்டு அம்மாணவரின் சிந்தனை முறைக்கே படம் வரைந்தது பெருங்குறை. காப்லனே 1987-இல் தம் கருத்தை மறுபார்வை செய்தார். இருப்பினும் நம் மாணவர்க்கு வாதமுறை இயல்பிலேயே இல்லை என்னும் எண்ணம் கல்லூரி ஆசிரியரிடையே இன்றும் முற்றிலும் மறையவில்லை.

1990-இல் ஜான் சுவேல்ஸ் வேறு வழியில் சென்றார். ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையை ஆராய்ந்து, அதில் மூன்று நகர்வுகளைக் கண்டார். களத்தின் சிறப்பைக் கூறுதல், அக்களத்தில் தமக்குரிய இடத்தைக் காட்டுதல், அவ்விடத்தை மேற்கொள்ளுதல் என்பன அவை. இடத்தைக் காட்டும் வழிகளாக மறுத்துரைத்தல், இடைவெளி சுட்டல், வினா எழுப்பல், மரபைத் தொடர்தல் என்னும் நான்கையும் அவர் எடுத்துரைத்தார்.

இப்பகுப்பைப் பயிலும் தமிழர்க்கு நன்னூற் பாயிரம் நினைவிற்கு வருதல் இயல்பு. 13-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அந்நூலில் பவணந்தியார் எழுவகை மதங்களைக் கூறுகிறார். பிறர் கருத்திற்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒரு கருத்தை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றங்காட்டல், பிறர் கருத்தோடு படாமல் தன் கருத்தைக் கொள்ளல் என்பன அவை. நூலுக்கு வழி எது, எல்லை எது, நுதலிய பொருள் எது, கேட்போர் யார், பயன் யாது எனக் கூறும் சிறப்புப் பாயிர இலக்கணம், இன்றைய ஆய்வுச் சுருக்கத்தின் தேவைகளுள் பலவற்றை நிறைவு செய்கிறது. மற்றொன்று விரித்தல், மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்து இறுதல் முதலிய குற்றங்களோ எந்நாட்டு ஆய்வேட்டிற்கும் பொருந்துவன.

இவ்வுறவு மலையாளம் பயிலும் மாணவர்க்கும் அயலானதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் தன் இறுதிப் பகுதியில் 32 தந்திரயுக்திகளைத் தொகுத்துரைக்கிறது. ஆயுர்வேத நூல்களும் இவற்றை விளக்குகின்றன. ஆயுர்வேதம் இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் கேரளத்தில் இம்மரபு வெறும் பழம்பொருளன்று.

இதனைக் கூறுமிடத்து எச்சரிக்கை வேண்டும். சுவேல்ஸ் கண்டதெல்லாம் பவணந்தியார் முன்னரே கண்டார் என்பது இங்குக் கருத்தன்று. நன்னூல் இலக்கண நூலாசிரியர்க்கு உரைத்தது. சுவேல்ஸ் புதிய ஆய்வு முடிபுகளை வெளியிடும் இதழ்க் கட்டுரையை ஆராய்ந்தார். ஆய்வு நெறி, தரவு, மீண்டும் செய்து சரிபார்த்தல் ஆகிய கருத்துகள் பாயிரத்தில் இல்லை. பிறர் கருத்தின் நடுவே தன் கருத்திற்கு இடம் வகுத்தல் என்பது அயலிலிருந்து கொணர்ந்து ஊட்டவேண்டிய புதுமையன்று என்னும் அளவே இங்குக் கொள்ளத்தக்கது.

5. கொச்சி தந்த முன்மாதிரி

தாய்மொழி அறிவு பன்னாட்டு அறிவுமொழிக்குச் செல்லும் வழியைக் காட்டும் சான்று ஒன்று கொச்சியிலேயே உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சியில் உருவாகி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் இலத்தீன் நூல் மலபார்ப் பகுதியின் தாவரங்களை விளக்குவது. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், கொங்கணி அந்தணர்களான ரங்க பட்டர், விநாயக பட்டர், அப்பு பட்டர் ஆகியோரும் இதற்குரிய அறிவை வழங்கினர். இட்டி அச்சுதன் தம் மொழியில் கூறியதை இம்மானுவேல் கர்னேரோ போர்த்துக்கீசிய மொழியில் ஆக்க, அது பின்னர் இலத்தீனுக்குச் சென்றது.

இந்நூலில் இரண்டு செய்திகள் கல்வியாளர் நோக்கில் சிறப்புடையன. முதலாவது, அறிவு ஒரே தாவலில் இலத்தீனை அடையவில்லை. தாய்மொழியில் முழுமையாகச் சொல்லப்பட்டு, இடைமொழியில் ஆக்கப்பட்டு, அதன் பின்னரே அறிவுமொழியை எய்தியது. இரண்டாவது, செய்தி யாருடையது என்பது மறைக்கப்படவில்லை. 1675-இல் அவ்வைத்தியர்கள் தந்த சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாயின. தாவரப் படங்களில் மலையாள எழுத்திலும் பெயர்கள் பொறிக்கப்பட்டன. குடியேற்ற ஆட்சியின் தேவைக்கென எழுந்த நூல் இது என்பதை மறத்தலாகாது. தகவல் தந்தோரும் அதனை ஆண்டோரும் சமநிலையில் இருந்தவரல்லர். ஆயினும் பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து இந்நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பெயர்த்தபோது (2003, 2008), சான்றுரைகள் இருந்தமையால் அறிவிற்கு உரியவரை ஐயமின்றிக் குறிக்க முடிந்தது.

இன்றைய கல்லூரி மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவது இதற்கு மாறானது. தாய்மொழியில் எண்ணி எழுதிப் பார்க்கும் இடைப்படி அவருக்கு மறுக்கப்படுகிறது. நேரே ஆங்கிலத்தில் எண்ணுமாறு அறிவுறுத்தப்படுகிறது. இயலாதபோது அவர் பிறர் தொடர்களை நாடுகிறார். 2022-இன் இறுதிக்குப் பின் எளிதில் கிட்டும் உரையாக்கக் கருவிகள் பிழையற்ற ஆங்கிலத்தை நொடியில் தந்துவிடுகின்றன. பிழை நீக்கமே ஆங்கிலப் பாடத்தின் நோக்கமாயின் அப்பாடத்தின் தேவை இதனோடு முடிந்தது. எச்செய்தி யாருடையது, எத்துணை உறுதியானது என்று துணிவதே நோக்கமாயின், அப்பொறுப்பு எழுதுபவரிடமே எஞ்சி நிற்கும்.

6. எதிர்வாதங்கள்

இக்கருத்திற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது, ஒரே வகுப்பில் ஐந்தாறு வீட்டுமொழிகள் இருக்க, எல்லாவற்றையும் ஆசிரியர் அறிதல் இயலாது என்பது. ஆசிரியர் எல்லா மொழிகளையும் அறியவேண்டுவதில்லை. 'உன் மொழியில் பிறர் கூற்று எங்கு முடிகிறது? கேட்டறிந்ததை எவ்வாறு காட்டுவாய்?' என வினவும் பயிற்சி போதும். மேலும் தமிழும் மலையாளமும் ஒரே குடும்பத்தன. கொங்கணியும் குஜராத்தியும் வேறு குடும்பத்தனவாயினும் வினையை ஈற்றில் கொள்வனவே. பிரிவு 3-இல் கண்டவற்றுள் சில இம்மாணவர் அனைவர்க்கும் பொதுவாகும்.

இரண்டாவது, தாய்மொழியை இடைப்படியாக்கினால் ஆங்கிலப் பயிற்சி குறையும் என்பது. இது வலிமையான மறுப்பு. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் பழக்கம் வளர்ந்துவிட்டால் தீமையே மிகும். ஆயின் இங்குக் கூறப்படுவது பெயர்ப்பன்று, ஒப்பீடு. எடுத்துரைக்கும் கருத்தின் எல்லையையும் உறுதியையும் தாய்மொழியில் தெளிந்துகொண்டபின் ஆங்கில வடிவத்தைத் தேடுபவர்க்கு, என்ன தேடுகிறோம் என்பது தெரிந்திருக்கும்.

மூன்றாவது, மாணவரும் பெற்றோரும் வேண்டுவது வேலைக்குதவும் பேச்சு ஆங்கிலமே என்பது. வறிய குடும்பங்களின் இவ்விருப்பத்தை எள்ளுதல் கூடாது. ஆங்கிலம் அவர்க்கு ஏணியே. எனினும் நேர்காணலிலும் அலுவலகக் குறிப்பிலும் ஒருவர் மதிப்புப் பெறுவது, செய்தியையும் கருத்தையும் பிரித்துக் கூறும் ஆற்றலால்தான்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். 2009-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் வாதத்தையும் 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் தொடரையும் முதன்மையாக்கின. இரண்டையும் இணைக்கும் முயற்சி நிகழவில்லை. மேற்கோள், துணைவினை, செயப்பாட்டு வினை, சுட்டு ஆகிய இலக்கணக் கூறுகள் ஒவ்வொன்றும் ஆய்வுரையில் ஒரு நிலைப்பாட்டின் வெளிப்பாடாகும். அவற்றைப் பிழை, திருத்தம் என்னும் அளவில் கற்பிப்பதால் அவற்றின் பயன் மறைகிறது.

நான்காண்டுப் படிப்பின் பாடங்கள் நடைமுறையில் செம்மையுறும் காலம் இது. மேற்கோளை அயற்கூற்றுப் பயிற்சியிலிருந்து விடுவித்து ஆய்வேட்டுப் பயிற்சியோடு சேர்த்தல், துணைவினைகளை உறுதியின் அளவைக் காட்டும் கருவிகளாகக் கற்பித்தல், முதல் வரைவைத் தாய்மொழியில் எழுத இடமளித்தல், ஒப்புமை விழுக்காட்டை மதிப்பிடுமுன் மேற்கோளின் எல்லையை ஆசிரியர் நேரில் ஆராய்தல் ஆகியவை பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியன. தமிழ், மலையாளத் துறைகளும் ஆங்கிலத் துறையும் ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த அறைகளில் இயங்கியும் இலக்கணத்தைத் தனித்தனியே கற்பிக்கும் நிலை மாறுதல் வேண்டும்.

மட்டாஞ்சேரியின் தமிழ் மாணவர் 'குறைந்ததாம்' என்று சொல்லும்போதே, தாம் கண்டதையும் கேட்டதையும் பிரித்தறியும் நேர்மை அச்சொல்லில் அடங்கியுள்ளது. அந்நேர்மையை ஆங்கிலத்தில் வெளிப்படுத்தும் வடிவங்களைக் கற்றுத்தருவதே பல்கலைக்கழக ஆங்கிலக் கல்வியின் முதற்கடமையாகும்.